போட்டி முடிந்த மைதானத்தில் கிடக்கும் குப்பை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டல அளவிலான தடகளப் போட்டி பற்றித் தங்கள் சேலம் பதிப்பில் வந்த செய்தியையும், பதக்கம் வாங்கிய பிள்ளைகளின் படங்களையும் பார்த்து மகிழ்ந்தேன். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போட்டிகளுக்குப் போகிறேன். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற பிறகு, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெற்றோரே பிள்ளையை மைதானத்துக்கு அழைத்து வருகிறார்கள். கூட்டம் கூடியிருக்கிறது, சந்தோஷம். அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கூடியிருக்கும் குப்பையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

சேலத்தை ஒட்டியுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வளாகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கேலரி ஓரம், உள்விளையாட்டு அரங்கு வாசல், ஜிம் படிக்கட்டு என எல்லா இடத்திலும் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மக்கும் குப்பை பச்சையில், மக்காதது நீலத்தில். மாணவர்களும் பெரும்பாலும் பார்த்துத்தான் போடுகிறார்கள். சாயங்காலம் தூய்மைப் பணியாளர்கள் வந்து இரண்டு தொட்டிகளையும் ஒரே சாக்கில் கவிழ்க்கிறார்கள், சாக்கு டிராக்டரில் ஏறுகிறது. காலையிலிருந்து பிரித்துப் போட்டதெல்லாம் அங்கேயே வீணாகிவிடுகிறது. அந்தப் பெண்களைச் சொல்லி என்ன பயன்? அவர்களிடம் இருப்பது ஒரு தள்ளுவண்டி, ஒரு வகைச் சாக்கு. பிரித்ததைத் தனியாக வைக்க வளாகத்தில் ஒரு கொட்டகைகூட ஒதுக்கவில்லை.

சாதாரண நாளிலேயே இப்படி என்றால் போட்டி நாளைக் கேட்க வேண்டாம். பத்து மணிக்கே தொட்டிகள் நிரம்பி வழிகின்றன. மதியம் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்ததும் கேலரிக்குப் பின்னால் குவியல் ஏறுகிறது. மறுநாள் நாயும் காக்கையும் அதை ஓடுதளம் வரைக்கும் இழுத்து வந்துவிடுகின்றன. இதை யார் அள்ள வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். மைதானத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டோம், போட்டி நடத்தும் சங்கம்தான் பார்க்க வேண்டும் என்கிறது அலுவலகம். வாடகையிலேயே துப்புரவும் சேர்த்திதான் என்கிறது சங்கம். தினமும் கூட்டுவதற்குத்தான் என்னிடம் ஒப்பந்தம், போட்டிக்கு இல்லை என்கிறார் ஒப்பந்ததாரர். மூவருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் போட்டிக் குப்பையைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குள்ள ஆதங்கமே அதுதான்.

விதிகள் இல்லாமல் இல்லை. ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தனியாக வகைப்படுத்தின. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு அரங்குகளும் வெளிப்படையாகவே இருந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் அவை சொல்லின. 400 மீட்டர் ஓடுதளம் உள்ள ஒரு மைதானமே அதைப்போல மூன்று மடங்கு வரும். உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுப்பதும் நடத்துகிறவர் பொறுப்பு என்றன அதே விதிகள். சுற்றுவட்டாரத்தில் போட்டி நடத்தும் பலரிடம் பேசியிருக்கிறேன், இதைக் கேள்விப்பட்டவர்களையே காணோம்.

கலந்தால் என்ன ஆகிறது என்பதைப் பழைய இரும்புக் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் பாட்டில் பெட் என்னும் பிளாஸ்டிக். காலி செய்து, நசுக்கி, சுத்தமாகக் கொண்டுபோனால் எடைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். அது துகளாகி, உருகி, பாலியஸ்டர் நூலாகிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில், நெதர்லாந்து உள்ளிட்ட அணிகள் போட்டு விளையாடிய சட்டைகள் பழைய பாட்டில்களில் செய்தவை. ஒரு சட்டைக்கு 8 பாட்டில் வரை ஆனது. மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். ஆலையில் துகளாக்கித் தண்ணீரில் போட்டால் மூடித்துகள் மிதக்கும், பாட்டில் துகள் மூழ்கும், அப்படியே பிரித்துவிடுவார்கள். ஆனால் அதே பாட்டில் பாதித் தண்ணீரோடு, சாம்பார் சாதமும் தயிரும் அப்பிக்கொண்டு வந்தால் கடைக்காரர் தொட மாட்டார். அட்டைப்பெட்டி நனைந்துவிட்டால் அதற்கும் விலை இல்லை. சோறும் வாழையிலையும் பாலித்தீனோடு பிசைந்து கிடந்தால் உரக்குழிக்கும் ஆகாது. இரண்டு வகையும் கெட்டு, மொத்தமும் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. எருமாபாளையத்திலும் செட்டிச்சாவடியிலும் குப்பை மலையாகக் குவிந்ததைப் பார்த்த ஊர் இது.

பேப்பர் கப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காகிதம்தானே என்று நினைத்து எல்லோரும் அதைப் பச்சைத் தொட்டியில் போடுகிறார்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மக்காது, காகித ஆலையும் எளிதில் எடுக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தடையில் இந்தக் கப்பும் உண்டு, தண்ணீர் பாக்கெட்டும் உண்டு. இரண்டும் போட்டி நாளில் மூட்டை மூட்டையாக வருகின்றன. மேட்டூர்த் தண்ணீர் வரும் ஊரில், நாலு இடத்தில் வடிகட்டிய தண்ணீர்க் குழாய் வைத்து, பிள்ளைகளைப் பாட்டில் கொண்டுவரச் சொன்னாலே பாதிக் குப்பை குறையும் என்பது என் கணிப்பு.

என்னை மிகவும் வருத்துவது புகை. வளாகத்தில் வேம்பும் புங்கனும் நிறைய. சருகைக் கூட்டி, ஓடுதளத்தின் வளைவுக்குப் பின்னால் விடியற்காலையில் தீ வைத்துவிடுகிறார்கள். சருகோடு பாலித்தீன், பழைய ஃப்ளெக்ஸ் துண்டு எல்லாம் எரிகின்றன. ஃப்ளெக்ஸ் பிவிசி பிளாஸ்டிக். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் நச்சும் வெளிவரும். அதே நேரத்தில்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கிறார் என்றால், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர் முழு வேகத்தில் 100 லிட்டருக்கு மேல் இழுக்கிறார். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை இருக்கும் ஊரில், மார்கழி மாதத்து அதிகாலைப் புகை சீக்கிரம் மேலே ஏறாது, தரையோடு படிந்து நிற்கும். நுரையீரலை வளர்க்க வந்த பிள்ளைக்கு நாம் கொடுப்பது இதுவா?

அந்தச் சருகுக்கு ஒரு குழி போதும். சருகு, வெட்டிய புல், விடுதிச் சமையலறையின் காய்கறித் தோல் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். கால்பந்து மைதானத்துப் புல்லுக்கு அதையே போடலாம்.

விளையாட்டுக்கே உரிய குப்பையும் உண்டு. ஒரு இறகுப் பந்தில் 16 இறகுகள், அடியில் கார்க். இரண்டு இறகு முறிந்ததும் தூக்கிப் போடுகிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்தால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அடித்துப் பழகக் கொடுக்கலாம். போட்டி ஃப்ளெக்ஸை எரிப்பதற்குப் பதில் நீளம் தாண்டும் மணல் குழியை மூட வைத்துக்கொள்ளலாம், மழைக்கும் நாய்க்கும் நல்ல தடுப்பு. ஆண்டு எழுதாமல் துணியில் பேனர் அடித்தால் வருடா வருடம் கட்டலாம். வலி நிவாரண ஸ்பிரே டப்பா காலியானாலும் உள்ளே அழுத்தம் இருக்கும், தீயில் விழுந்தால் வெடிக்கும். ரத்தம் பட்ட பஞ்சும் ஊசியும் மருத்துவக் கழிவு. பஞ்சு மஞ்சள் பையில், ஊசி குத்தாத டப்பாவில் தனியாகப் போக வேண்டும். இவற்றை வெறுங்கையால் அள்ளுவது அந்தத் தூய்மைப் பணியாளர்கள்தான்.

சரி, நான் கேட்பது என்ன? மைதானத்தை வாடகைக்குக் கொடுக்கும் படிவத்தில் குப்பைக்கு ஒரு பகுதி சேர்க்க வேண்டும். நடத்துகிறவர் முன்பணம் கட்டட்டும். பிரித்து, எடை போட்டு, கொட்டகையில் ஒப்படைத்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஓட்டத்துக்கு நடுவர், நேரம் பார்ப்பவர் என்று பெயர் எழுதுவது போலக் குப்பைக்கு ஒரு பொறுப்பாளர் பெயரும் எழுத வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், ஆனால் போட்டி முடிந்த பிறகு அள்ளும் வேலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். கையுறை, இரண்டு நிறச் சாக்கு, இரண்டு தடுப்புள்ள வண்டி கட்டாயம். அப்புறம், பாட்டிலும் அட்டையும் விற்ற பணம் தூய்மைப் பணியாளர்களுக்கே போகட்டும். அந்தப் பணத்தை ஒப்பந்ததாரர் கணக்கிலோ துறைக் கணக்கிலோ சேர்த்தால், மெனக்கெட்டுப் பிரிக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்காது.

தங்கள் நிருபர்கள் போட்டிச் செய்தி எடுக்கப் போகும்போது, பரிசளிப்பு முடிந்து அரை மணி நேரம் கழித்துக் கேலரிக்குப் பின்னால் ஒரு படம் எடுத்து, முடிவுகளுக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். நடத்துகிறவர்களிடம் குப்பைப் பொறுப்பாளர் யார் என்றும் கேட்டு, அந்தப் பதிலையும் அதோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.