வெடியால நாலரை மணிப் பாட்டு

கோபி,
ஆனி மாதம்

கண்ணு,

போன வாரம் நீ போனில் அலுத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதனால் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். காலை பத்தரை மணிக்கு உன் ஆபீஸில், அத்தனை ஜெர்மன்காரர்களுக்கு நடுவே, கே.பி.சுந்தராம்பாள் உன் போனிலிருந்து 'ஞானப்பழத்தைப் பிழிந்து' என்று எடுத்தாரே, அது என் வேலைதான். எந்தக் கருவியில் பாடட்டும் என்று ஆப் கேட்டது. கண்ணாடி போடாமல் எதையோ தொட்டுவிட்டேன். உன் கணக்கையே என் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவன் நீதானே. உன் லிஸ்ட் முழுக்கப் பழைய பாட்டாக வருகிறது என்கிறாய். எனக்கும்தான் உன்னுடையதெல்லாம் வந்து விழுகிறது.

அப்படி விழுந்ததில் ஒன்று எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

சித்திரையில் ஒருநாள். கட்டுத்தரையில் செவலைக்கு மடி கழுவிவிட்டுப் பாட்டுப் போடலாம் என்று போனை எடுத்தால், ஏற்கெனவே ஒரு பாட்டு ஓடுவதாகக் காட்டியது. உன் கம்ப்யூட்டரில். நான் தொட்டால் அங்கே நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். பாலை ஊற்றிவிட்டு வந்து பார்த்தபோது நின்றிருந்தது. அப்புறம்தான் நான் போட்டுக் கேட்டேன். அலி ஃபார்கா டூரே.

பாஷை ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அந்த கித்தார் ஒரே சந்தத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது பார், அது நம் பக்கம் அண்ணன்மார் கதை சொல்கிறவர் உடுக்கையை வைத்துக்கொண்டு செய்வதுதான். அடுத்து எங்கே போகிறார் என்று அவசரமே இல்லை. பால் கறக்கிற கைக்கு அந்த நடை அப்படியே ஒத்துவருகிறது. நம்பாவிட்டால் லீவில் வந்து கறந்து பார்.

அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆப்பிரிக்காவில் மாலி நாடு, நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்று ஊர். மனிதர் விவசாயி. ரை கூடர் என்கிற அமெரிக்காக்காரரோடு சேர்ந்து 1994-ல் போட்ட 'டாக்கிங் டிம்பக்டூ' கிராமி வாங்கியிருக்கிறது. வேறு யாராவது என்றால் அமெரிக்காவிலேயே வீடு பார்த்திருப்பார்கள். இவர் காட்டைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த ஆல்பத்துக்கு ரெக்கார்டிங் ஆட்கள்தான் அவர் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பாழடைந்த ஒரு செங்கல் கட்டிடத்தில் ஜெனரேட்டர் வைத்து, வயல் வேலைக்கு நடுவே அவருக்கு ஒழிந்த நேரத்தில் பதிவு. 1999-ல் வந்தது, பேரே ஊர்ப் பேர்தான், 'நியாஃபுங்கே'. பின்னால் அந்த ஊருக்கே மேயராகவும் இருந்து, 2006-ல் இறந்துபோனார். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரத்தில் உங்கப்பாவை ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுப் பார், அதே புத்திதான்.

இதை உங்கப்பாவிடம் சொன்னேன். "நெல்லுப் போடுவாரா?" என்று மட்டும் கேட்டார். போடுவார் என்றேன். அதுக்கப்புறம் பாட்டை நிறுத்தச் சொல்வதில்லை.

அவருடைய மகன் வ்யூ பாட்டுக்காரன் ஆவதில் அப்பனுக்கு இஷ்டமில்லையாம், பட்டாளத்துக்குப் போகச் சொன்னாராம். அந்த மகன் 2022-ல் அப்பன் பாட்டுகளையே எடுத்து, டெக்சாஸ்காரர்கள் மூன்று பேரோடு 'அலி' என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறான். அந்தக் குழுவின் பேர் க்ருவாங்பின். வாயில் நுழையவில்லை. தாய்லாந்து பாஷையில் விமானம் என்று அர்த்தமாம். இதை நான் உங்கப்பாவிடம் சொல்லவில்லை. உன் கித்தார் அட்டாலியில் பத்திரமாக இருக்கிறது, பல்லி முட்டை வைத்திருந்ததைத் துடைத்தேன்.

ரை கூடரைப் பிடித்துக்கொண்டே போனதில் இன்னொன்று கிடைத்தது. ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட் கித்தாரை மாற்றி மோகன வீணை என்று வாசிக்கிறாரே, அவரும் இவரும் சேர்ந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்'. 1993-ல் வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்து, ஒரு மணி நேரம்கூட ஆகாமல் உட்கார்ந்து வாசித்தார்களாம். பவானி கூடுதுறையில் ரெண்டு தண்ணியும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போவதுபோல எனக்குத் தோன்றும், முதல் பாட்டு அப்படித்தான் தொடங்குகிறது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டாயா? 1986. தியாகராஜருக்கும், பாக் (Bach) என்கிற பழைய ஜெர்மன் இசையமைப்பாளருக்கும் சேர்த்துச் சமர்ப்பணம். சினிமாப் பாட்டு என்று நினைத்து ஈரோட்டில் கேசட் வாங்கி வந்து, யாருமே பாடவில்லையே என்று உங்கப்பா ஏமாந்தது அதில்தான். கேசட்டை அப்போதே யாருக்கோ கொடுத்துவிட்டார். எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் முழுசாகக் கேட்கக் கிடைத்தது. அந்த வயலினுக்காக இன்னொரு தடவை கேள்.

சரி, கே.பி.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். நோம்பிக்கு நோம்பி குழாய் ஸ்பீக்கரில் கேட்ட குரல், அதனால் எனக்கு அது இரைச்சல் கணக்கிலேயே இருந்தது. நீ விட்டுப்போன ஹெட்போனில் கேட்டபோதுதான் அந்தம்மா பாட்டே காதில் விழுந்தது. மைக் இல்லாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடின தொண்டை. அவ்வளவு உயரத்தில் போயும் ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. நம் வாய்க்கால் போக மிச்சத் தண்ணீர் பவானியில் காவேரியோடு சேர்ந்து கொடுமுடிக்குத்தான் போகிறது, அந்த ஊர்க்காரி. 1933-ல் கணவர், நாடகத்தில் கூடப் பாடின கிட்டப்பா போன பிறகு வெள்ளைச் சேலைதான், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். 1935-ல் நந்தனாராக ஆண் வேஷம் கட்டி நடிக்க ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து லட்சம், கண்ணு.

தனிக் கணக்கு வாங்கித் தருகிறேன் என்றாயே, அது வேண்டாம். ஆனி பிறந்ததிலிருந்து நான் போனை எடுக்கிறபோதெல்லாம் உன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே நாலரை என்றால் அங்கே ராத்திரி ஒரு மணி என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை, சொல்லத் தோன்றும்போது சொல். ஆனால் எந்தக் கருவியில் பாடட்டும் என்று ஆப் கேட்டால் சரியாகத் தொட இப்போது பழகிவிட்டேன். நாளைக்கும் ஓடினால் உன் அறையில் கே.பி.எஸ். பாடுவார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொடுவேன்.

அம்மா