இங்கிலாந்தின் ஸ்டோக்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கே நீங்கள், அம்மா, ஆயா எல்லோரும் நலமா? அக்கா அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வடாம் ஒன்றுகூட உடையவில்லை. கொலு பொம்மை கட்டிப் பழகிய கை அல்லவா! அடியில் உங்கள் கடிதம் இருந்தது. போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள், தம்பி பக்கத்திலேயே நிற்பான். அதனால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஊரில் ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றி விற்கிறார்கள். ஓட்கேக் என்று பெயர். இவர்கள் உள்ளே சீஸும் பன்றிக்கறியும் வைத்துச் சாப்பிடுவார்கள். நான் வெறுமனே வாங்கி வந்து அக்காவின் மிளகாய்ப்பொடியோடு சாப்பிடுகிறேன். ராத்திரிக்கு அது போதும். அவருக்கு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் நைட் ஷிப்ட், தனி ஆளுக்கு எதற்கு அடுப்பு மூட்டுவது?

குளிர்தான் மண்ணுக்கு ஆகவில்லை. காலையில் களிமண்ணில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். வாளியில் வெந்நீர் வைத்துக்கொண்டுதான் சக்கரத்தில் உட்காருகிறேன். நம் ஊரில் பானை சீக்கிரம் காய்ந்து வெடிக்கும் என்று ஈரச்சாக்கு போர்த்துவோம். இங்கே ஒரு வாரம் ஆனாலும் அடி ஈரமாகவே இருக்கிறது. அப்படியே சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பானையை உடைத்துவிடும். ராத்திரி உறைந்துபோனால் பச்சைப் பானை காலையில் உதிர்ந்தே போகும். ஹீட்டர் இருக்கிறது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டே வேலை செய்து பழகிவிட்டேன், அதனால் அதிகம் போடுவதில்லை.

இந்த ஊரை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் அப்பா. ஆறு ஊர் சேர்ந்து ஒரு ஊர். எல்லாமே மண்ணால் பிழைத்தவை. தரைக்குக் கீழே களிமண்ணும் இருந்தது, அதைச் சுட நிலக்கரியும் இருந்தது. வெட்ஜ்வுட் என்ற குயவர் 1730-இல் இங்கே பர்ஸ்லெமில் பிறந்தார். குயவர் வீட்டுப் பிள்ளை. பிற்காலத்தில் ராணிக்கே பாத்திரம் செய்து கொடுத்தார். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டியில் போனால் பாத்திரம் உடைகிறது என்று, கால்வாய் வெட்ட வேண்டும் என முன்னே நின்றவர்களில் அவரும் ஒருவர். 1777-இல் அந்தக் கால்வாய் முடிந்தது. இன்றும் தண்ணீர் ஓடுகிறது, நான் அதன் கரையோரமாகத்தான் வேலைக்கு நடந்து போகிறேன். கொசப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்குத் தாத்தா பானை ஏற்றிப் போன வண்டி கவிழ்ந்த கதையைச் சொல்வீர்களே, அந்தக் கால்வாயைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிப் போன தடவை சொன்னேன் அல்லவா? பீங்கான் தட்டில் பூ வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் தட்டைக் கவிழ்த்து அடியில் யார் முத்திரை என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. இந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் இது பழக்கமாம். என் தட்டையும் கவிழ்த்தார். நான் போடும் சக்கரமும் புள்ளியும் பார்த்து, யாருடையது என்று கேட்டார். எங்கள் அப்பா பொம்மைக்கு அடியில் போடுகிற குறி என்றேன். அதற்குப் பிறகு ஞாயிறு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு டீ கொடுக்கிறார். நான் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிடுகிறேன், அவரும் போகச் சொல்வதில்லை.

வேலை நடக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த இடத்தில் ஒரு மேஜை எனக்கு. சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறேன். எழும்பூர்க் கல்லூரியில் படித்துவிட்டுப் பானை செய்வதா என்று மாமா கேட்டாரே, இங்கே அதிகம் போவது நம் உருளிதான். தண்ணீர் ஊற்றிப் பூவோ மெழுகுவர்த்தியோ மிதக்கவிட வாங்கிப் போகிறார்கள். கோலப்புள்ளியில் ஓட்டை போட்ட விளக்குக்கூடும் பரவாயில்லை. சுவரில் பதிக்கும் கோல ஓடு நம் மயிலாப்பூர்க் கடையில் போன அளவுக்குப் போகவில்லை, ஆனால் அதை விடமாட்டேன். போன் சைனா என்ற பீங்கான் வகையும் கற்றுக்கொள்கிறேன். அதில் பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பூஜை அறைக்கு அதில் எதுவும் அனுப்ப மாட்டேன்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு குறையும் இல்லை. இந்த மாதம் அனுப்ப வேண்டியதை மார்ச்சில் சேர்த்து அனுப்புகிறேன்.

அப்புறம், அந்தப் பலகை. வடாமுக்கு அடியில் தாத்தாவின் பானை தட்டும் பலகையைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் எடுத்தேன். கைப்பிடியில் அவர் விரல் தேய்ந்த பள்ளம். அதில் என் விரலை வைத்ததும் அழுகை வந்துவிட்டது அப்பா. பொங்கலுக்கு முந்தின வாரம், வாசலில் பானை அடுக்கி, நீங்கள் ஒவ்வொன்றையும் சுண்டிச் சத்தம் கேட்டு எடுத்துக்கொடுப்பீர்களே, அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் இல்லாமல் ஒரு பொங்கல் போய்விட்டது. கொல்லைப்புறத்துச் சூளைப்புகை வாசனை எனக்கு வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பலகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சூளை இடத்தைப் பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொல்வது மட்டும் இருந்தது. முடிவெடுத்துவிட்டுத்தான் பலகையை எனக்கு அனுப்பினீர்களா?

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்டது, புகைக்குச் சண்டை போடுகிறார்கள், குழந்தைகள் இருமுகிறார்கள். இந்த ஊரும் அப்படித்தான் இருந்தது. பாட்டில் வடிவில் வீட்டைவிட உயரமான சூளைகள் 2000-க்கும் மேல் இருந்தன. ஒரு தடவை சுட 10 டன்னுக்கு மேல் நிலக்கரி போகும். பகலிலேயே ஊர் இருட்டியிருக்குமாம். 1956-இல் புகைக்குச் சட்டம் வந்தது. சூளைகள் அணைந்தன, ஆனால் மண்வேலை அன்றோடு நிற்கவில்லை. கேஸுக்கும் கரண்டுக்கும் மாறினார்கள். இன்று அந்தப் பாட்டில் சூளைகளில் ஐம்பதுகூட மிச்சமில்லை. இடித்ததை நினைத்து இப்போது வருத்தப்படுகிறார்கள்.

அதனால் என் எண்ணம் இதுதான். புகைதான் பிரச்சினை என்றால் சூளையை மாற்றுவோம், இடத்தைக் கொடுக்க வேண்டாம். கொலு பொம்மைக்கு 800, 900 டிகிரி போதும். கரண்டு சூளையில் அது தாராளமாக நடக்கும். த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும், அதைத் தம்பி மின்வாரியத்தில் விசாரிக்கட்டும். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அங்கே போய் இரண்டு நாள் தங்கிப் பார்த்துவரச் சொல்லுங்கள். சூளை ஆறுவதற்குள் திறந்தால் என் கையில் அடிப்பீர்கள் அல்லவா? 573 டிகிரியைத் தாண்டும்போது மண்ணில் உள்ள மணல் சட்டென்று சுருங்கும், வேகமாக ஆறினால் விரிசல் விடும் என்று இங்கே படித்தேன். கரண்டு சூளையில் ஆறும் வேகத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கைக்குத் தெரிந்ததை மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவில் என் பங்கை நான் தருகிறேன். ஒரு வருஷம் அவகாசம் வேண்டும். அதுவரை எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாமா வந்து பேசினாலும் சின்னவள் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மயிலாப்பூர்க் கடைக்காரர் அட்வான்ஸ் கூட்டிக் கேட்டால் அக்கா உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம், நவராத்திரி முடியட்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்தார்களா? அம்மா மூட்டுவலி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? தசாவதார செட்டில் வராகத்தின் அச்சு மூக்குப் பக்கம் தேய்ந்திருந்தது, புதிதாக எடுக்கிறேன் என்றானே தம்பி, எடுத்துவிட்டானா? எடுத்திருந்தாலும் பழைய அச்சைத் தூக்கிப் போட வேண்டாம், என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிடச் சொல்லுங்கள். பதில் நீங்களே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்