அப்பாவுக்கு: கேமரன் மலை போய் வந்தேன்

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் பேசும்போது, லீவில் பக்கத்தில் ஒரு இடத்துக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பக்கத்து ஊர் இல்லை அப்பா, பக்கத்து நாடு. வண்டியிலேயே மலேசியா போய், கேமரன் மலை ஏறி, நாலு நாளில் திரும்பி வந்துவிட்டேன். 1,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முன்னாலேயே சொன்னால் அம்மா தூங்கமாட்டார் என்றுதான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூட வந்தவர் என்னோடு வேலை பார்க்கும் ஜொகூர் அண்ணன். அவரும் தமிழர், மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். தினமும் விடியுமுன் பைக்கில் எல்லை தாண்டி சிங்கப்பூர் வந்து, ராத்திரி திரும்பிப் போகிறவர். அவர் வண்டியும் என் வண்டியும் ஒன்றே, பல்சர் 200. நம்ம பட்டறைக்கு வருமே, மூன்று பிளக் உள்ளது, அதேதான். இங்கே பஜாஜ் என்ற பெயரில் வாங்கினேன். அங்கே மோடெனாஸ் என்ற மலேசியக் கம்பெனியின் பெயரில் விற்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

விடிகாலை 4 மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்றேன். 2023 டிசம்பரிலிருந்து நம்மவர்களுக்கு மலேசிய விசா தேவையில்லை, வருகை அட்டையை மட்டும் இணையத்தில் முன்னாலேயே நிரப்பிவிட வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டுக் கடற்பாலத்தில் ஏறினேன். 1924-இல் திறந்த பாலம், ஒரு கிலோமீட்டர்தான் நீளம். ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்தால், அந்த இருட்டிலேயே ஆயிரக்கணக்கான பைக்குகள் சிங்கப்பூர் வேலைக்கு வந்துகொண்டிருந்தன. ஹெட்லைட் ஆறு மாதிரி. ஜொகூர் அண்ணன் தினமும் இதில்தான் வருகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து கோலாலம்பூர் வரை 350 கிலோமீட்டர் விரைவுச்சாலை. நம்ம ஊர் போலவே அங்கும் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரத்தில் நமக்கென்று ஒரு சின்ன வழி, நிற்காமலே போய்விடலாம். ஓட்டுவதும் இடப்பக்கம்தான், அதனால் கை தடுமாறவில்லை. பெட்ரோல் மட்டும் ஒரு விஷயம்: மானிய விலையில் கிடைக்கும் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டு நம்பர் வண்டிக்குப் போடக் கூடாது. 97 ரகம் போட்டுக்கொண்டேன், அதுவே சிங்கப்பூர் விலையை விட எவ்வளவோ குறைவு.

யோங் பெங் தாண்டியதும் மழை பிடித்தது. நம்ம ஊர் மழை மாதிரி தூறிப் பார்த்துவிட்டு வராது அப்பா, எடுத்தவுடனே கொட்டும். அண்ணன் கையைக் காட்டி ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே பதினைந்து பைக்குகள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் ஈரச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். ஒருவர் பை நிறைய வாழைப்பழப் பஜ்ஜி வைத்திருந்தார், எனக்கும் ஒன்று நீட்டினார். பெயர்கூடக் கேட்கவில்லை. மழை விட்டதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

அன்று இரவு பத்துமலை அருகில் தங்கினோம். முருகன் 140 அடி. நம்ம ஏத்தாப்பூர் முத்துமலை முருகன் 146 அடி, இரண்டையும் செய்தவர் ஒரே ஸ்தபதி, திருவாரூர் தியாகராஜன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. நம்ம ஊருக்கு ஒரு தடவை வந்தே ஆகணும் என்றார். 272 படியும் ஏறி உங்கள் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டேன்.

மறுநாள்தான் மலை. தாப்பாவில் விரைவுச்சாலையை விட்டு இறங்கினால் பழைய மலைப்பாதை, கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊர் வரை 60 கிலோமீட்டருக்குப் பக்கம். கொல்லிமலை 70 கொண்டை ஊசியில் நீங்கள் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனீர்களே, அந்தப் பழக்கம் கை கொடுத்தது. இங்கே கொண்டை ஊசி குறைவு, ஆனால் ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும். வழியெல்லாம் ஓராங் அஸ்லி மக்கள், காட்டின் ஆதிக்குடிகள், மூங்கில் கொட்டகையில் தேனும் பெத்தாய் என்ற அவரை மாதிரிக் காயும் விற்கிறார்கள்.

லாத்தா இஸ்கந்தார் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் 'தட்… தட்…' என்று கேட்டது. அண்ணனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அருவிக்கரையில் நிறுத்தி சென்டர் ஸ்டாண்டு இல்லாததால் அண்ணனை வண்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிப் பின்சக்கரத்தைச் சுற்றினேன். முந்தின நாள் மழையில் எண்ணெய் முழுக்கக் கழுவிப்போய் செயின் காய்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் விறைப்பு, அதைத் தாண்டினால் தொளதொள. தொளதொள இடத்தில் பார்த்து முறுக்கினால் ஸ்பிராக்கெட் போய்விடும், விறைப்பான இடத்தில் வைத்துத்தான் அளவு பார்க்கணும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அப்படியே செய்தேன். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் கோடு பார்த்து ஒரே அளவு திருப்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன பாட்டிலில் இருந்து 90 கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வண்டியைக் கிளப்பினால் சத்தமே இல்லை. "யாரு கத்துக் கொடுத்தது?" என்று அண்ணன் கேட்டார். எங்கப்பா என்றேன். அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது அப்பா.

மேலே குளிர். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் மலை முழுக்கப் பச்சைக் கம்பளம்தான். இப்போது கொழுந்து பறிப்பது பெரும்பாலும் மெஷின், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். டீ குடித்த இடத்தில் ஒரு வயதான அம்மா, "எந்த ஊரு தம்பி?" என்றார். நாமக்கல் பக்கம், சேந்தமங்கலம் என்றேன். தன் தாத்தா சேலம் ஜில்லா என்று கேள்வி, ஊர்ப்பெயர் சொல்ல வீட்டில் யாரும் மிச்சமில்லை என்றார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. கிளம்பும்போது என் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, "பார்த்து எறங்கு" என்றார். அம்மா சொல்வது மாதிரியே.

இறங்கும்போது நீங்கள் சொல்வது போல இரண்டாம் கியரிலேயே விட்டேன், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். அண்ணனுடைய பின் பிரேக் பாதி வழியில் சூடேறிவிட்டது. அப்புறம் அவரும் கியரில் இறக்கினார்.

இப்போது ஒரு சந்தேகம். மூன்றாம் கியரில் ஏற்றம் ஏறும்போது இஞ்சினில் மெல்லிசாக 'டிக் டிக்' என்று வருகிறது. இங்கே கடையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சத்தத்தைப் பதிவு செய்து தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் கம்ப்ரசர் ஓடாத நேரமாகப் பார்த்து, காதோடு வைத்துக் கேளுங்கள். வால்வா, டைமிங் செயினா என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்கமாட்டேன்.

உங்கள் அன்பு மகன்