கிராஃபிஷ் விலை, அப்புறம் அந்த வாட்ஸ்அப் படம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டன், சுகர்லேண்ட், கேட்டி பக்கம் பிறந்தநாளோ பட்டமளிப்போ எது வந்தாலும் "அண்ணா, நம்ம வீட்டுப் பின்பக்கம் ஒரு பாயில் (boil) போட்டுடலாம்" என்று முதலில் எங்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். பாயில் என்றால், சிறிய சிங்கி இறால் போல இருக்கும் நன்னீர் கிராஃபிஷைப் பெரிய பானையில் மசாலாவோடு வேகவைத்துப் பரிமாறும் விருந்து. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விலை ஏறியது உங்களுக்கே தெரியும். லூயிசியானாவில் நெல் வயலிலேயே கிராஃபிஷும் வளர்க்கிறார்கள். கோடையில் அவை சேற்றில் வளை தோண்டி உள்ளே போய்விடும். இலையுதிர் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வரும். 2023 கோடை வறட்சியில் அந்தச் சேறே காய்ந்து வெடித்தது. வளைக்குள்ளேயே ஏராளமாகச் செத்துவிட்டன. அதனால்தான் 2024 சீசனில் கிராஃபிஷ் மூட்டை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

விலையைக்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள். ஆனால் சில குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. எங்கள் மேசையில் எடுத்தது. வால் சுருளாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கிராஃபிஷ், கீழே "செத்ததை வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள்" என்று ஒரு வரி. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வால் நேராக இருந்தால் செத்தது என்று இந்த ஊர்க்காரர்களே பலர் நம்புகிறார்கள், எழுதியவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விவசாய மையம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. உயிரோடு போட்டாலும் பானையில் நெருக்கம் இருந்தால் சிலவற்றுக்கு வால் சுருள இடம் கிடைக்காது. நிஜமாகவே கெட்டது என்றால் சதை குழைந்து போயிருக்கும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். அன்று சாப்பிட்டவர்களே சொல்லட்டும், அப்படி ஒன்றாவது இருந்ததா?

மூட்டையைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் தெளியும் வரை அலசுகிறோம். அசையாததை என் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிடுவார். உப்புத் தண்ணீரில் போட்டால் வயிறு சுத்தமாகும் என்பது வெறும் பேச்சு. நல்ல தண்ணீர் போதும். உருளைக்கிழங்கு, பூண்டு, எலுமிச்சை முதலில் போகும். கொதி வந்ததும் கிராஃபிஷ், அதுவும் சில நிமிடங்கள்தான். அடுப்பை அணைத்தபின் இருபது நிமிடத்துக்கு மேல் மசாலாத் தண்ணீரில் ஊறவேண்டும். காரம் உள்ளே இறங்குவது அப்போதுதான். பசியோடு நிற்பவர்களுக்கு அது நீண்ட நேரம், தெரியும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்க வராது.

பார்ப்பவர் மனம் கலங்கக் கூடாது என்பதால் இனி பானையை நிறைக்காமல் இரண்டு மூன்று ஈடாக வேகவைக்கிறோம். சாப்பாடு கொஞ்சம் பிந்தும்.

2021 பிப்ரவரியில் கரண்ட் போய் டெக்சாஸே உறைந்து கிடந்தபோது, ஆர்டரை ரத்து செய்யாமல் தள்ளிவைத்தீர்கள். அந்தப் பணத்தில்தான் எங்கள் கடைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தோம். அதை நாங்கள் மறக்கவே மாட்டோம். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கிராஃபிஷ் கட்டுப்படியாகாது என்பவர்களுக்குத் தெற்குக் கரோலைனா பாணியில் இறால், சோளம், சாசேஜ், உருளைக்கிழங்கு போட்ட பாயில் செய்து தருகிறோம். மெக்சிகோ வளைகுடா இறால்தான். குழந்தைகளுக்கும் உரிக்கச் சுலபம்.

தலைக்கு மூன்று பவுண்டு கணக்கு மாறவில்லை. விலை அந்த வார மூட்டை விலைப்படி இருக்கும், முன்பணம் திரும்பாது. தவக்காலத்தில் கேட்பவர் அதிகம் என்பதால் பெரிய வெள்ளி வாரத்துக்கு வேண்டுமென்றால் சீக்கிரமே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்