இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப்போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் செயல்திட்டம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெயரில் 'பிரெஞ்சு' என்று வரும் ஓர் இடம், ஓர் உணவு, ஒரு வரலாற்றுச் சொல். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்து எழுத வேண்டும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான தலைப்பு கிடைக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தோம்.

வந்தவற்றில் பெரும்பாலானவை கடையில் எடுத்த வண்ணப் பிரிண்ட். ஒரே படங்கள், ஒரே வரிகள், ஒரே பிழைகள். பிரெஞ்சு கயானா தனி நாடு என்று இருந்தது. தென் அமெரிக்காவில் இருந்தாலும் அது பிரான்சின் ஒரு பகுதி. நம்முடைய ஜிசாட்-30 செயற்கைக்கோள் 2020-ல் அங்கிருந்துதான் ஏவப்பட்டது. பிரெஞ்சு ஃப்ரைஸ் பிரான்சில் பிறந்தது என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அது எங்களுடையது என்று பெல்ஜியம்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

இவற்றைக்கூட விட்டுவிடலாம். பிரெஞ்சிந்தியா, அதாவது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் புதுச்சேரிப் பகுதிகள், 1947 ஆகஸ்ட் 15-ல் விடுதலை அடைந்தது என்ற வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஊர்ப் பிள்ளையின் பெயர் போட்ட தாளில் இது தப்பாக இருக்கலாமா?

வேலை முடிந்து களைத்து வரும் உங்களிடம், "நாளைக்கே கொடுக்கணும்" என்று பிள்ளை இரவில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. உதவி செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோரோ கடைக்காரரோ செய்து கொடுக்கும் செயல்திட்டத்துக்கு இனி மதிப்பெண் கிடையாது. யாருக்கும் விலக்கு இல்லை.

ஒரு மாணவர் கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தலோடு, மைசூருக்குப் பக்கத்தில் இருக்கும் பாண்டவபுராவைப் பற்றி எழுதியிருந்தார். ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் துணைக்கு வந்த பிரெஞ்சுப் படை முகாமிட்டதால் அந்த ஊருக்கு பிரெஞ்சு ராக்ஸ் என்று பெயர் இருந்ததாம். விசாரித்து எழுதியது என்று படித்ததுமே தெரிந்தது. முழு மதிப்பெண் கொடுத்தோம்.

மற்றவர்கள் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் மறுபடி எழுதிக் கொடுக்கலாம். கையெழுத்தில் இரண்டு பக்கம் போதும். விடுமுறையில் ஒரு நாள் பிள்ளையை ரோமன் ரோலன் நூலகத்துக்கோ கீழூர் நினைவிடத்துக்கோ அழைத்துப் போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். எழுதுவதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

இந்தப் பருவம் முழுவதும் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து, ஆசிரியர்களுக்குத் துணையாக இருந்தீர்கள். மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்