கஜா புயலுக்குப் பிறகு எங்களோடு இருந்தவர்களுக்கு

நேற்று சாயந்தரம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. இத்தனை நாளும் போனில் இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜை "நல்லா இருக்கோம், பயப்படாதீங்க" என்று சொல்வதற்கே செலவழித்தோம், யாருக்கும் முறையாக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால் பேராவூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் சார்பில் இந்த மடல்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நடந்ததை உங்களுக்கெல்லாம் டிவியில் காட்டியிருப்பார்கள். வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் இவ்வளவு தூரம் உள்ளே வந்து இப்படி ஆடும் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. விடிந்து பார்த்தால் தோப்புக்குப் போகிற வழியே தெரியவில்லை. அப்பா வாலிபத்தில் வைத்த நெட்டைத் தென்னை மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, சில வேரோடு, சில பாதியில் முறுக்கி ஒடிந்து. அப்பா திண்ணையில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

முதல் நன்றி எதிர்வீட்டு மாமாவுக்கு. அவர் தோப்பிலும் மரம் மிச்சமில்லை, அடுப்படி ஓடு பூராவும் போய்விட்டது. ஆனாலும் தினம் காலையில் வந்து அப்பா பக்கத்தில் உட்காருவார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசமாட்டார். பாக்கை வெட்டி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி நீட்டுவார், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள், "மச்சான், வாசல்ல கெடக்குற மரத்த மட்டுமாச்சும் அறுத்துருவோம், பொம்பளையாளுக தண்ணி எடுக்கப் போக முடியல" என்றார். அப்பா எழுந்து போனார். அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் மனசு விட்டுப்போன விவசாயிகளைப் பற்றிக் காதில் விழுந்த சேதி எதுவும் நல்லதாக இல்லை; அதனால்தான் தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அப்பாவோடு இருந்திருக்கிறார்கள். நீங்கள் யாரும் சொல்லவில்லை, அத்தாச்சிதான் வாய்தவறிச் சொல்லிவிட்டது.

அந்த அத்தாச்சி வாசலில்தான் தெரு முழுக்கவும் ஒரே உலை கொதித்தது. நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகிவிடும், உள்ளே வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. வண்டியை மறித்தவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, பசி எல்லோருக்கும்தானே. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் டேங்க் நிரப்பிய அண்ணனுக்கும் நன்றி. வாடகைதான் வேண்டாம் என்கிறீர்கள், டீசல் காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே.

மல்லிப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆத்தா அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்தார். மகனுடைய படகு உடைந்துவிட்டது, விற்க மீன் கிடையாது. "சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். அம்மாவும் அவரும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தபிறகுதான், அதுவரைக்கும் அம்மா அழவே இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

தூரத்தில் இருப்பவர்களுக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த செங்கன்னூர் தோழிக்கு, ஆகஸ்டில் வந்த கேரள வெள்ளத்தின்போது, இங்கிருந்து அரிசியும் பாயும் சேர்த்து அனுப்பியிருந்தோம். இந்தமுறை அவள் போன் செய்து, "அழுது முடிச்சாச்சா? சரி, இப்ப எந்திரிச்சு போட்டோ எடு, கணக்கெடுக்க வர்றதுக்கு முன்னாடி எதையும் அப்புறப்படுத்தாத" என்றாள். அவள் சொன்னபடியே பையன்கள் தோப்புத் தோப்பாகப் போய் விழுந்த மரம் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்ட்டால் நம்பர் எழுதினார்கள். அதிகாரிகள் வந்தபோது எண்ணிக்கையில் தகராறே எழவில்லை. தென்னை மரத்துக்கு, வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து, 1,100 ரூபாய் என்று அரசு அப்போது அறிவித்தது. நெட்டைக் கன்று வைத்துக் காய் பார்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தொகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

துபாயில் இருக்கும் கூட்டாளி பணம் அனுப்பினான். அதைவிட, ஒரத்தநாட்டுப் பக்கம் தனியாக இருக்கும் அவனுடைய அம்மாவைப் பற்றித் தகவலே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோதும் என் அப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்டான். டவர் கிடையாது, ரோடெல்லாம் மரம். தம்பி பைக்கை உருட்டியும் தூக்கியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா நல்லா இருக்காங்க, கூரைதான் போயிருச்சு" என்று சொன்னதும் போனில் அவனைத் தேற்றுவது எங்கள் வேலையாகிவிட்டது.

ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்துகிடந்த டெல்டா மாவட்டங்களுக்கு எங்கெங்கோ இருந்து, கேரளாவிலிருந்தும்கூட, வந்து, லாரி போகாத வயல் சேற்றில் இறங்கிக் கம்பத்தைத் தோளில் சுமந்த மின்வாரியத் தொழிலாளர்களுக்கு என்ன சொல்வது! உங்களில் பலர் கார்த்திகை தீபத்தன்றுகூட வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியாக, திருப்பூரிலிருந்து வந்த தம்பிகளுக்கு. நீங்கள் விட்டுப்போன மரம் அறுக்கும் மெஷின் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மேலத்தெருவில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. செயின் மழுங்கிவிட்டது, புதுசு வாங்கி மாட்டிவிட்டோம். வேலை முடிந்ததும் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறோம், அவசரம் என்றால் ஒரு போன் போடுங்கள்.