பதின்மூன்று கண் பாலம்: படம் தந்தவர்களுக்கும் உடன் நின்றவர்களுக்கும்

கழுதுருட்டி, ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை சொந்தங்களுக்கு வணக்கம்.

கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுகளோடு நிற்கும் நம்ம ரயில் பாலத்தின் பழைய படங்களைத் திரட்டி நடத்திய கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. ஊர் கூடித்தான் இந்தத் தேரை இழுத்தோம்.

முதல் நன்றி, தண்டவாளம் பராமரித்து ஓய்வுபெற்ற கேங்மேன் அண்ணாச்சிக்கு. படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் அழைத்தோம். மனுஷன் சாயங்காலம் வரை உட்காரவே இல்லை. “வெறும் கல்லும் சுண்ணாம்பும் எப்படி தாத்தா ரயிலைத் தாங்குது?” என்று ஒரு பையன் கேட்டான். உடனே மர மில்லிலிருந்து ஆப்புத் துண்டுகள் வாங்கிவரச் சொன்னார். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, நடுவில் வளைத்த அட்டையின் மேல் துண்டுகளை அடுக்கி, உச்சியில் கடைசித் துண்டைச் செருகிவிட்டு அட்டையை உருவினார். வளைவு அப்படியே நின்றது! பையனை அழுத்தச் சொன்னார். “அமுக்க அமுக்க ஒண்ணையொண்ணு இறுக்கிக்கிடும். பாரம் ரெண்டு பக்கமும் தூணுக்கு இறங்கிடும்டே.” நானே அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

மீட்டர்கேஜ் (பழைய குறுகிய பாதை) கால ஆல்பங்களைத் தயங்காமல் தந்த எஸ்டேட் குடும்பங்களுக்கு நன்றி. ரயிலின் பின்னாலும் ஒரு எஞ்சின் நிற்கும் படத்தைத்தான் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மலையேற்றத்தில் அது பின்னாலிருந்து தள்ளும். 2010-ல் அந்த வண்டிகள் நின்றபோது அழுதவர்கள் நம் ஊரில் உண்டு.

மலையாளத்திலும் தமிழிலும் குறிப்பு எழுதித் தந்த மாஷுக்கு (வாத்தியாருக்கு)த் தனி நன்றி. 1904-ல் இந்தக் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை திறந்தபோது செங்கோட்டையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் இரண்டு மொழியும் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றது சரிதான். கணக்குப் பார்க்காமல் சாயா ஊற்றிய சேச்சிக்கும், படங்களைப் பெரிதாக்கித் தந்த ஸ்டுடியோ தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி, 2018-ல் அதன் மேலேயே அகலப்பாதை வண்டியை ஓடவிட்ட ரயில்வே தொழிலாளர்களையும் நினைத்துக்கொள்கிறோம். தண்டவாளத்தில் ஏறி செல்பி எடுக்கும் கூட்டத்துக்கு மட்டும் நன்றி கிடையாது.

அப்புறம், படம் தந்தவர்கள் ஞாயிறு காலை வாசகசாலைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். பாலத்தடியில் துணி துவைக்கும் மூன்று பெண்களின் படத்துக்குப் பின்னால் பெயர் எதுவும் இல்லை. உங்களுடையது என்றால் சொல்லுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறோம்.